கறையில்லாத தலைத்துணி

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. கீழ்வீட்டு அக்கா, தன் தாய் கேட்ட ஒரு பிடி மண்ணை எடுத்து வருவதற்காகக் கானாவுக்குப் போனார்.
2. அவர் அங்கே நின்றபோது தாய் இங்கே லூயிஷாமில் இறந்துபோனார்.
3. அக்கா மண்ணோடு திரும்பி வந்தார்.
4. அவருடைய சூட்கேசை நான் திறந்தேன்.
5. உள்ளே இருந்த உடுப்புகளை என் அம்மா தோய்த்தார்.
6. மண் சிங்க் குழாய் வழியே போய்விட்டது.

நான் மண் பரிசோதனை செய்யும் ஆய்வுகூடம் ஒன்றில் வேலை செய்கிறேன். கட்டடம் எழுப்புவதற்கு முன் நிலத்தைத் துளைத்து எடுக்கும் மண் எங்களிடம் வரும். காய வைப்போம், சலிப்போம், நிறுப்போம். ஒரு சோதனை பிழையாகப் போனால் முதலில் நடந்ததை மட்டும் வரிசையாக எழுத வேண்டும், காரணத்தையும் மனவருத்தத்தையும் அதற்குள் கலக்கக்கூடாது என்று எங்களைப் பழக்கியிருக்கிறார்கள். மேலே உள்ளவை அப்படி எழுதியவை. அந்த ஆறு வரிகளுக்குள் அடங்காதது நிறைய இருக்கிறது.

எண்பதுகளின் நடுவில் அம்மாவும் நானும் லண்டனுக்கு வந்தோம். அப்பா வீட்டைப் பார்த்துக்கொள்ள யாழ்ப்பாணத்தில் நின்றுவிட்டார். எங்களுக்கு லூயிஷாமில் ஒரு வீட்டின் மேல்மாடியில் இரண்டு அறை கிடைத்தது. வீட்டுக்காரி ஜமேக்காவிலிருந்து ஐம்பதுகளில் வந்தவர். ஆஸ்பத்திரிச் சமையலறையில் முப்பது வருடம் நின்று ஓய்வு பெற்றவர். அவரை நான் அன்ரி என்று கூப்பிட்டேன். அவருடைய ஒரே மகள் கவுன்சிலில் வேலை, நாற்பது தாண்டியவர், கலியாணம் செய்யவில்லை. அவரை அக்கா என்று கூப்பிட்டேன். அந்தச் சொல்லுக்கு அர்த்தம் சொன்ன நாளிலிருந்து நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவர் திரும்பிப் பார்ப்பதில்லை. நாங்கள் பேசியது ஆங்கிலம்தான். ஆனால் அவர்கள் இருவரின் குரலும் எனக்கு இப்போது எங்கள் வீட்டுப் பேச்சில்தான் கேட்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

சமையலறை ஒன்றுதான், கீழே பின்பக்கம். அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. அன்ரிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. மரவள்ளிக்கிழங்கையும் வாழைக்காயையும் நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் ஒருவர் சமையலை ஒருவர் சத்தமாகக் குறை சொல்லுவார்கள், ஒருவர் சொல்வது மற்றவருக்கு விளங்காமலே.

அன்ரியிடம் தடித்த பைபிள் ஒன்று இருந்தது. முதல் தாளில் குடும்பத்தில் பிறந்தவர்களின் பெயர்கள், பல கையெழுத்துகளில். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பெண் பெயர். ஐந்து தலைமுறைக்கு முன் கப்பலில் கொண்டுவரப்பட்டவள். கானாக் கரையில் புதன்கிழமை பிறக்கும் பெண்பிள்ளைக்கு வைக்கும் பெயராம் அது. ஊர் இல்லை, தகப்பன் பெயர் இல்லை, பிறந்த ஆண்டு இல்லை. இதை அம்மாவுக்குச் சொன்னேன். கோயிலில் அர்ச்சனை செய்யப் பெயரும் நட்சத்திரமும் கேட்பார்கள். எங்கள் வீட்டில் ஏழு தலைமுறைக்கு அம்மா ஒப்பிப்பார்.

"கிழமை மட்டும்தான் மிஞ்சினதோ?" என்றார் அம்மா. பிறகு, "அதையெண்டாலும் விடாமல் வைச்சிருந்திருக்குதுகள்" என்றார்.

அதன்பிறகு புதன்கிழமைகளில் அம்மா சாமி விளக்கில் ஒரு திரி கூடுதலாகப் போட்டார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அக்காவின் தேவாலயப் பெண்கள் சிலர் சேர்ந்து கானாவுக்குப் போக ஒழுங்கு செய்தார்கள். அங்கே கடற்கரையில் பழைய கோட்டைகள் உண்டு, அடிமைகளாகப் பிடித்தவர்களை அடைத்து வைத்துக் கப்பலேற்றிய இடங்கள். தங்கள் ஆட்கள் புறப்பட்ட இடத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது அவர்களின் எண்ணம். அக்காவுக்குப் போக விருப்பமும் இருந்தது, பயமும் இருந்தது. அன்ரிதான் தள்ளினார்.

"என்ர காலாலை அவ்வளவு தூரம் ஏலாது. நீ போ. எங்கடை ஆக்களைக் கப்பலுக்கு இறக்கின வாசல் இருக்காம். அந்த வாசலடி மண் ஒரு பிடி கொண்டு வா. என்னைப் புதைக்கேக்கை என்ர கையிலை வை."

"அம்மா, நீங்கள் இன்னும் சாகேல்லை."

"அதுக்குத்தான் இப்ப சொல்லுறன். செத்தாப்பிறகு எழும்பி வந்து சொல்லேலுமோ?"

பிறகு என்னைப் பார்த்து, "எங்கடை அந்தப் புதன்கிழமைக்காரியைக் கொண்டு வந்தவங்கள், திருப்பி விடேல்லை. நானெண்டாலும் அந்த மண்ணைப் பிடிச்சுக்கொண்டு படுக்கிறன்" என்றார். அப்போது சிரிக்கவில்லை.

பயணப் பட்டியலை நான்தான் எழுதினேன். மஞ்சள் காய்ச்சல் ஊசி, மலேரியாக் குளிசை, பாஸ்போட், தொப்பி. கடைசியில், எங்கள் ஆய்வுகூடத்தில் பாவிக்கும் அகல வாய்ப் போத்தல்கள் இரண்டு. இடம், திகதி, ஆழம் என்று அச்சடித்த லேபிளும் ஒட்டிக் கொடுத்தேன்.

அக்கா லேபிளை வாசித்துவிட்டு, "ஆழமோ? என்னெண்டு எழுத, விஞ்ஞானி? இருநூறு வருஷம் எண்டு எழுதட்டோ?" என்றார்.

"அங்குலத்திலை எழுதுங்கோ."

"உனக்கு ஒரு மனுசன் கிடைச்சால் அவனுக்கும் லேபிள் ஒட்டிப்போடுவாய்."

வெளிநாட்டு மண்ணை அனுமதியில்லாமல் கொண்டுவரக் கூடாது என்பதையும் சொன்னேன். அது எனக்குத் தொழில் முறையில் தெரியும். அக்கா கேட்காதவர் போலத் தொப்பியை மடித்தார். அன்ரி தன் தலையில் கட்டியிருந்த வெள்ளைத் துணியை, ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்துக்குக் கட்டும் துணியை, அவிழ்த்து மகளின் தலையில் கட்டிவிட்டார். வெயில் பிடிக்கும் என்றார். அது என் பட்டியலில் இருக்கவில்லை.

அக்கா போய் ஒன்பதாம் நாள், அம்மா தேத்தண்ணி வைக்கக் கீழே இறங்கியபோது அன்ரி சமையலறைத் தரையில் கிடந்தார். அம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள். இரண்டாம் நாள் மத்தியானம், அம்மா ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் இருந்தபோது, மூச்சு நின்றது. கடைசியாகப் பேசியது முதல் நாள். "எடுத்திட்டாளாமோ?" என்று என்னிடம் கேட்டார். எனக்குத் தெரியாது. "ஓம், எடுத்திட்டா" என்றேன்.

கானாவில் அவர்கள் தங்கியிருந்த விடுதிக்குத் தொலைபேசி எடுத்து அக்காவுக்கு நான்தான் சொன்னேன். மறுமுனையில் நெடுநேரம் கடல் இரைச்சல் போல ஏதோ கேட்டது. கடல்தானோ, லைன்தானோ தெரியாது. அதற்குப் பிறகு, "நான் முந்தநாள்தான் எடுத்தனான்" என்றார். நான் சொன்ன பொய் பொய்யாக இருக்கவில்லை என்பதில் அந்த நேரம் எனக்கு ஒரு சிறு ஆறுதல் கிடைத்தது.

அவர் வந்திறங்கிய காலையில் விமான நிலையத்துக்குப் போனேன். தேவாலயத்துப் பெண் ஒருவர் காரோடு வந்து நின்றார், அக்காவை நேரே தாயின் உடலிடம் கூட்டிப்போக. அக்கா சூட்கேசை என் கையில் தந்து, "மண் உள்ளுக்கு இருக்கு. கவனம்" என்றார்.

"ஓம் அக்கா. நான் பாக்கிறன்."

இவ்வளவுதான் பேசினோம். "எதுக்குள்ளை?" என்று நான் கேட்கவில்லை. போத்தல் கொடுத்தவள் நான். வேறு எதற்குள் இருக்கப்போகிறது?

ரயிலில் வரும்போது ஒரு தாளில் செய்ய வேண்டியவற்றை எழுதினேன். மரணச் சான்றிதழ், பாதிரியார், கட்டிலைப் பிரித்தல், அன்ரியின் மருந்துகளைத் திருப்பிக் கொடுத்தல். ஐந்தாவதாக: சூட்கேஸ், மண்ணை எடுத்து வை, உடுப்பு அம்மாவிடம்.

வீட்டில் சூட்கேசைத் திறந்தேன். மேலேயே போத்தல்கள். ஒன்று வெறுமை. மற்றதில் மணல், மூடி இறுக்கி, லேபிள் நிரப்பி. இடம்: கானா, கடற்கரை. ஆழம்: மேலால் அள்ளியது. அக்காவின் சாய்ந்த கையெழுத்து. அதைக் கொண்டுபோய் அன்ரியின் பைபிள் மேல் வைத்தேன். கீழே இருந்த அழுக்கு உடுப்பு முழுவதையும் அள்ளி அம்மாவிடம் கொடுத்தேன். தாளில் ஐந்தாவதுக்குச் சரி போட்டேன்.

அம்மா அந்தக் கிழமை முழுவதும் கழுவிக்கொண்டே இருந்தார். செத்த வீட்டில் துடக்கு, அதாவது தீட்டு. திரைச்சீலை, தலையணை உறை, தரை, கதவுப் பிடி எல்லாவற்றையும் கழுவி மஞ்சள் தண்ணீர் தெளிக்க வேண்டும். அன்ரிக்கு அப்படிச் செய்ய வேறு யாரும் இல்லை, செய்ய வேண்டும் என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியவும் தெரியாது. "சகோதரத்துக்குச் செய்யிற மாதிரித்தான் செய்யிறன்" என்றார். மெஷின் இருக்கிறதே என்றேன். "மெஷின் அழுக்கெடுக்கும். துடக்கெடுக்காது."

எனக்குத் தெரியும், அது அன்ரிக்காக மட்டும் இல்லை. அப்பா யாழ்ப்பாணத்தில் இறந்தபோது பாதையும் தபாலும் அடைபட்டுக் கிடந்தன. கடிதம் எங்கள் கைக்கு வந்தபோது முப்பத்தோராம் நாளே கடந்துவிட்டது. துடக்கு முடிந்துவிட்டது. அம்மா கடிதத்தோடு இந்தச் சமையலறையில்தான் நின்றார். "ஒரு வாளித் தண்ணி நான் ஊத்தேல்லையே" என்று அன்று திரும்பத் திரும்பச் சொன்னார். அந்த வாளித் தண்ணீரைத்தான் இப்போது ஊற்றிக்கொண்டிருந்தார். நான் தடுக்கவில்லை. தடுக்க நினைக்கவும் இல்லை.

அக்கா பின்னேரம் மூன்று மணிபோல வந்தார். கண்கள் வீங்கியிருந்தன. கோட்டைக் கழற்றாமல் சமையலறைக்கு வந்து, பின்கதவால் வெளியே பார்த்தார். கொடியில் அவருடைய உடுப்புகள் வரிசையாகக் காய்ந்தன. கடைசியில் அந்த வெள்ளைத் துணி.

"அதை ஆர் அவிழ்த்தது?" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. பைபிள் மேலிருந்த போத்தலைக் கொண்டுவந்து காட்டினேன். "மண் இஞ்சை பத்திரமா இருக்கு, அக்கா."

அவர் போத்தலைப் பார்த்தார். "அது உனக்கு. நாங்கள் தங்கின இடத்துக்கு முன்னாலை கிடந்த மணல். உன்ர லேபிளை நிரப்பினால் நீ சந்தோசப்படுவாய் எண்டு அள்ளினன்." பிறகு மிக மெதுவாக, "துணிக்குள்ளை முடிஞ்சிருந்தது எங்கை எண்டு உன்ர அம்மாவைக் கேள்" என்றார்.

அம்மா சிங்க் பக்கம் ஈரக் கையோடு நின்றார். நான் கேட்டேன்.

"முடிச்சோ? ஓம், அவிழ்த்தனான். ஒரு கை மண் பிள்ளை, செக்கச்செவேலெண்டு. உடுப்பெல்லாம் அந்தப் புழுதிதான். பைப்பைத் திறந்துவிட்டுக் கொட்டினன். பிறகு அந்தச் செம்மை போகேல்லை. சோடா போட்டு, பிளீச் போட்டு, மூண்டு தரம் கசக்கினன்." அக்காவைப் பார்த்துச் சிரித்தார், வாயைத் திறக்காமல், செத்த வீட்டில் சிரிப்பது போல. "ஒரு கறை இல்லையெண்டு சொல்லு. தாயின்ரை துணியல்லோ."

இதை மொழிபெயர்க்க வேண்டியவள் நான். என் பார்வை சிங்க் துவாரத்துக்குப் போனது. அக்கா என் முகத்தைப் பார்த்தார், அம்மாவின் கைகளைப் பார்த்தார். பிளீச்சில் விரல் நுனிகள் வெளிறித் தோல் சுருங்கியிருந்தன. அக்கா அந்தக் கைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டார்.

"நன்றி எண்டு சொல்லு," என்றார் என்னிடம். "அவவுக்கு மற்றதைச் சொல்லாதை. ஒரு நாளும் சொல்லாதை."

"என்னவாம்?" என்றார் அம்மா.

"நன்றியாம்."

"இதுக்கென்ன நன்றி. பாவம், போய்ப் படுக்கச் சொல்லு" என்று அம்மா மேலே போனார்.

அதன் பிறகுதான் அக்கா கதிரையில் இருந்தார். நான் கொடியிலிருந்து துணியைக் கொண்டுவந்து கொடுத்தேன். மடியில் வைத்துத் தடவிக்கொண்டே சொன்னார். கோட்டைக்குள் பெண்களை அடைத்த அறைக்கு ஜன்னல் இல்லை. அங்கிருந்து கடலுக்கு இறங்கும் வாசல் ஒடுக்கமானது, ஒரு நேரத்தில் ஒருவர்தான் போகலாம். கூடப்போன பெண்கள் பாடத் தொடங்கினார்கள்.

"உன்ர போத்திலைக் கையிலை எடுத்துக்கொண்டு அந்த வாசலடியிலை குனிஞ்சன். ஏலாமப் போச்சு. இரத்தப் பரிசோதனைக்கு எடுக்கிற மாதிரி இருந்தது. அதுதான் துணியை அவிழ்த்து அதுக்குள்ளை முடிஞ்சன். பிறகு கஸ்டம்ஸ் பயம், நீ சொன்னனியெல்லே. ஊத்தை உடுப்புக்குள்ளை சுருட்டி வைச்சன். ஊத்தை உடுப்பை ஆர் கிளறுவான்? பிடிச்சாலும் மேலை இருக்கிற மணலோடை விட்டிடுவங்கள் எண்டு நினைச்சன்."

துணியை மடித்துக்கொண்டே, "வெளியிலை தோடம்பழம் வித்த மனுசி என்னைப் பார்த்து வெள்ளைக்காரி எண்டு கூப்பிட்டவ. லண்டனிலை முப்பது வருஷம் கறுப்பி, அங்கை போனால் வெள்ளைக்காரி. அம்மாவுக்குச் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பா எண்டு நினைச்சு வைச்சிருந்தன்" என்றார். அப்போதுதான் அழுதார்.

அடுத்த நாள் காலை, அம்மா சந்தைக்குப் போன நேரம், சிங்குக்குக் கீழே வாளி வைத்து வளைந்த குழாயைக் கழற்றினேன். குழாய் அடைத்துவிட்டது, பாவிக்க வேண்டாம் என்று முதல் நாளே அம்மாவுக்குப் பொய் சொல்லியிருந்தேன். ஓடும் தண்ணீரில் களிமண் போய்விடும், கனமான பரல் வளைவில் தங்கும். இது எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். வந்ததையெல்லாம் ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோய் மெல்லிய சல்லடையில் கழுவி, மயிரையும் சோற்றையும் எடுத்து, அடுப்பில் காய வைத்தேன். பதினொரு கிராம். சிவப்புத்தான், ஆனால் முழுச் சிவப்பு இல்லை. அக்காவின் இரண்டாவது போத்தலில், அந்த வெறும் போத்தலில், போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"இதிலை அந்த வாசலடி மண் எவ்வளவு?" என்று கேட்டார்.

"சொல்லேலாது."

"எல்லாத்துக்கும் ஒரு விடை வைச்சிருக்கிறவள் நீ."

"இதுக்கு இல்லை, அக்கா."

உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டிப் பார்த்தார். விரலால் கிளறி ஒன்றை எடுத்தார். கடுகு. நான் தவறவிட்டது. அதைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கி, சிரிப்பு நடுவில் உடைந்துவிட்டது. மண்ணைத் திரும்பப் போத்தலுக்குள் தட்டினார், ஒரு பரலும் கையில் ஒட்டாமல்.

"ஏலாது. அவ கேட்டது இது இல்லை."

கடற்கரை மணலையாவது வைக்கலாமே, அதே கரைதானே என்று தேவாலயத்துப் பெண் சொன்னார். "விடுதிக்கு முன்னாலை குளிக்கிற இடத்து மணலை அம்மாவின்ரை கையிலை வைக்கவோ?" என்று அக்கா கேட்டார்.

இரண்டு கிழமை கழித்து அடக்கம். அக்கா அந்த வெள்ளைத் துணியைத் தாயின் தலையில் கட்டியிருந்தார். அம்மா எனக்குக் காதோடு, "எவ்வளவு வடிவா வெளுத்திருக்குப் பார்" என்றார். அன்ரியின் கைகள் ஒன்றன்மேல் ஒன்றாக, வெறுமையாக இருந்தன. அவர்களின் வழக்கத்தில் குழியை மூடுவது கூலிக்காரர் அல்ல. ஆண்கள் கோட்டைக் கழற்றிவிட்டு மண்வெட்டியை மாற்றி மாற்றி வாங்கி நிரப்புவார்கள். மேடு எழும் வரை பெண்கள் பாடுவார்கள். சுடலைக்கே போயிராத அம்மா முன்னால் போய் ஒரு கட்டியை எடுத்து உடைத்துப் போட்டார். பழுப்பு நிறம், ஈரம், விரலில் பிசினாக ஒட்டும். லண்டன் களி. கிழமைக்கு நான்கு தடவையாவது அதை நிறுக்கிறேன். பிறகு பல நாள் அந்த மண் மேசைக்கு வரும்போது நான் கையுறை போட்டுக்கொண்டேன், தேவையில்லாதபோதும்.

இது நடந்து ஆறு வருடம் ஆகிறது. அக்கா வீட்டை விற்றுவிட்டு வேறு பக்கம் போய்விட்டார். நத்தார்ப் பண்டிகைக்கு வாழ்த்து அட்டை அனுப்புவார். மண்ணைப் பற்றி ஒரு சொல் எழுதியதில்லை. திரும்பக் கானாவுக்குப் போகவில்லை. நான் கூட வருகிறேன் என்று ஒருமுறை எழுதினேன். "எடுத்து வந்து ஆருடைய கையில் வைக்க?" என்று ஒரு வரி பதில் வந்தது.

அம்மாவும் நானும் இப்போது கோலியர்ஸ் வுட்டில் இருக்கிறோம். இரண்டு போத்தல்களும் என் அலுமாரியில் உள்ளன. கடற்கரை மணலில் அக்காவின் லேபிள். மற்றதில் பதினொரு கிராமும் அந்தக் கடுகும். அதற்கு நான் இன்னும் லேபிள் எழுதவில்லை. புதன்கிழமைகளில் விளக்கில் ஒரு திரி கூடுதலாக எரிகிறது. அன்ரியின் பேச்சு வரும்போதெல்லாம் அம்மா, தான் அவருடைய துணியைக் கறையில்லாமல் தோய்த்துக் கொடுத்ததைச் சொல்லுவார். நான் ஓம் என்பேன். அவருக்குத் தெரியாது.